தற்காலிக விரிவுரையாளர்களின் ஒப்பந்தமும் பீடச் சபையின் பொறுப்பும்: மலையகத்தில் பணிபுரிவோர் கருத்துக்கு

ஹந்தானை எழுதியது:

மலையகத்தில் உயர்கல்வி நிறுவனங்களில் கற்பிக்கும் தமிழ் ஆசிரியர்கள் பலர் இந்தக் களத்தில் இருப்பதால் ஒரு விடயத்தை இங்கே முன்வைக்கிறேன். எவருடைய நிறுவனத்தின் பெயரையும் எழுத வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். இங்கே பேச வேண்டியது முறைமையைப் பற்றி.

சம்பளம் என்று வரும்போது நாங்கள் ஒரே குரலில் பேசுகிறோம். 2012 ஜூலை முதல் ஒக்டோபர் வரை பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் நடத்திய வேலைநிறுத்தத்தில், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கை நாடு முழுவதும் ஒலித்தது. 2023 ஜனவரியில் மாதம் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட வருமானத்துக்குப் படிப்படியாக 36 சதவீதம் வரை வரி விதிக்கப்பட்டபோதும் நாங்கள் வீதிக்கு இறங்கினோம். உயர்தரப் பரீட்சை விடைத்தாள் திருத்தும் பணியிலிருந்தும் விலகி நின்றோம். அவை நியாயமான போராட்டங்கள் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால், எங்கள் துறைகளுக்குள் வேலை எப்படிப் பகிரப்படுகிறது, யாருடைய ஒப்பந்தம் எப்போது புதுப்பிக்கப்படுகிறது, அந்த முடிவை எந்தக் கூட்டத்தில் யார் எடுக்கிறார்கள் என்பவற்றைப் பற்றி அதே ஊக்கத்தோடு நாங்கள் பேசுவதில்லை.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கற்கை விடுமுறையில் வெளிநாடு சென்ற பலர், திரும்பி வந்து பணியாற்றாவிட்டால் செலுத்த வேண்டிய பிணைப் பணத்தைக் கட்டிவிட்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். வெற்றிடங்களை நிரப்புவதற்கு அரசின் ஆட்சேர்ப்புக் கட்டுப்பாடுகள் தடையாக நிற்கின்றன. மறுபுறத்தில், 2019 உயர்தரப் பரீட்சை பழைய, புதிய பாடத்திட்டங்கள் இரண்டிலும் நடத்தப்பட்டதையடுத்து அனுமதி எண்ணிக்கை பெருமளவில் உயர்த்தப்பட்டது. அந்த அணிகளோடு வகுப்பறைகளும் நிறைந்தன. இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் தற்காலிக விரிவுரையாளர்களும் வருகைதரு விரிவுரையாளர்களுமே. தமிழ்மொழிமூலப் பிரிவுகளில் நிரந்தர ஆசிரியர்கள் ஏற்கெனவே மிகச் சிலராக இருந்தபடியால், அங்கே ஒருவர் விலகினால் ஒரு பாடமே தற்காலிக ஆசிரியரின் கையில் வந்து விழுகிறது.

என் கருத்து இதுதான். பணிச்சூழல் வேறு, நிர்வாகம் வேறு அல்ல. தற்காலிக ஆசிரியரின் நிலை கொழும்பில் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. அதில் பெரும்பகுதி நாங்கள் மாதந்தோறும் அமர்ந்திருக்கும் பீடச் சபையிலேயே தீர்மானிக்கப்படுகிறது, அல்லது அங்கே தீர்மானிக்கப்படாமல் விடப்படுகிறது. அனுபவமுள்ளவர்கள் எழுத வேண்டும்.

நானுஓயா எழுதியது:

சேர், இதை எழுதியதற்கு நன்றி. நான் தற்காலிக உதவி விரிவுரையாளர். என்னைப் போன்றவர்கள் பெயரோடு பேச முடியாது. அடுத்த நீடிப்புக்கான சிபாரிசில் கையொப்பமிட வேண்டியவர் துறைத் தலைவரே என்பதால், அவரோடு எங்களுக்குக் கருத்து வேறுபாடு என்று ஒன்று இருக்கவே முடியாது.

நடப்பது என்னவென்று சொல்கிறேன். எனது ஒப்பந்தம் முடியும் நாள் பெரும்பாலும் அரையாண்டுப் பரீட்சைகளின் நடுவில் வருகிறது. அன்று மாலையே நூலகத்தில் என் கணக்கு நிறுத்தப்படுகிறது. ஆனால் திருத்த வேண்டிய விடைத்தாள்களை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. சணல் கயிற்றால் கட்டிய கட்டுகளாக அவை என் வாடகை அறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் அடுக்கப்பட்டிருக்கும். மேலே ஒட்டிய தாளில் புள்ளிகள் ஒப்படைக்க வேண்டிய திகதி சிவப்பு மையில் இருக்கும். அந்தத் திகதி மட்டும் ஒருபோதும் தள்ளிப்போவதில்லை. நீடிப்புக் கடிதம் வரும்வரை நான் சட்டப்படி ஊழியர் அல்ல, சம்பளமும் இல்லை. சேமலாப நிதிப் பங்களிப்பும் அந்த இடைவெளியில் நின்றுவிடுகிறது. கடிதம் வரும்போது புதிய நியமனத் திகதியோடு வருகிறதே தவிர, விட்ட இடத்திலிருந்து தொடர்வதில்லை.

இன்னொன்று. வினாத்தாள் சிங்களத்தில் தயாரிக்கப்பட்டுச் சரிபார்க்கும் குழுவுக்குச் செல்கிறது. அக்குழு ஒப்புதல் அளித்த பிறகே தமிழ்ப் பிரதிக்காக என்னிடம் வருகிறது, சில வேளைகளில் பரீட்சைக்கு முந்திய நாள். தமிழ்ப் பிரதியை வாசித்துச் சரிபார்க்கத் துறையில் வேறு எவரும் இல்லை. ஒரு வினாவின் பொருள் சற்று மாறிவிட்டாலும் பாதிக்கப்படுவது தமிழில் எழுதும் மாணவர்கள். அவர்களில் பாதிப்பேர் என்னைப் போலவே தோட்டத்து லயன் அறைகளிலிருந்து வந்தவர்கள். அந்த வேலைக்குக் கொடுப்பனவும் இல்லை, வினாத்தாள் தயாரித்தவர்களின் பட்டியலில் என் பெயரும் இல்லை. கொடுப்பனவு இல்லாதது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. ஒரு பிள்ளையின் வகுப்புச் சித்தி என் ஒருத்தியின் இரவு நேரக் கவனத்தில் தங்கியிருக்கிறதே என்பதுதான் தாங்க முடியாதது.

மாத்தளை எழுதியது:

நானுஓயா எழுதியது ஒவ்வொரு வரியும் உண்மை. எங்கள் துறையிலும் இரண்டாம் பரீட்சகர் என்ற இடம் தமிழ் விடைத்தாள்களுக்குப் பெயரளவில்தான் இருக்கிறது. சிங்கள விடைத்தாளை இருவர் பார்க்கிறார்கள். தமிழ் விடைத்தாளை ஒருவர் பார்க்க, மற்றவர் கூட்டல் சரியா என்று மட்டும் பார்க்கிறார்.

மகாவலிக்கரை எழுதியது:

நான் ஓய்வுபெற்று நெடுங்காலமாகிவிட்டது. இளையவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சிலவற்றைக் கூறுகிறேன்.

1942 இல் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அதற்குப் பரந்த சுயாதீனம் இருந்தது. முதலாவது துணைவேந்தரான ஐவர் ஜெனிங்ஸ் அந்தச் சுயாதீனத்தைப் பெரிதும் வலியுறுத்தியவர். 1952 இல் அது பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அதன் பிறகு ஒவ்வொரு சட்டமும் அதிகாரத்தை மேல்நோக்கியே நகர்த்தியது. 1966 ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் தேசிய உயர்கல்விச் சபையைக் கொண்டுவந்தது. 1972 ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாப் பல்கலைக்கழகங்களையும் ஒரே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகங்களாக்கியது. இன்று நடைமுறையிலுள்ள 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் அந்த ஒற்றை அமைப்பைக் கலைத்துத் தனித்தனிப் பல்கலைக்கழகங்களைத் திரும்ப அமைத்தது. எனினும் அவற்றுக்கு மேலே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவை நிறுத்தியது.

அச்சட்டத்தின்படி பல்கலைக்கழகத்தின் ஆளும் சபையான பேரவை மூன்று பெயர்களைத் தெரிவுசெய்து அனுப்ப, ஆணைக்குழுவின் சிபாரிசோடு ஜனாதிபதி அவர்களில் ஒருவரைத் துணைவேந்தராக நியமிக்கிறார். அந்தப் பேரவையிலோ, ஆணைக்குழு நியமிக்கும் வெளி உறுப்பினர்களே பெரும்பான்மை. துணைவேந்தரும் பீடாதிபதிகளும் பதவிவழி உறுப்பினர்கள். கல்வி விடயங்களுக்குப் பொறுப்பான மூதவை தன் உறுப்பினர்களிலிருந்து இருவரைத் தெரிவுசெய்து அனுப்புகிறது. சாதாரண விரிவுரையாளரின் குரல் அங்கே சென்றடைய எத்தனை படிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். 2019 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஜனாதிபதியால் பதவி நீக்கப்பட்டு, அவ்விடத்துக்குத் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவர் நியமிக்கப்பட்டபோது, மேலிருந்து வரும் அதிகாரம் எவ்வளவு தூரம் நீளும் என்பதை நாடே பார்த்தது.

ஆகவே, பீடச் சபையைக் குறை கூறுவதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள் என்பேன். நீர்ப்பாய்ச்சலைத் திருத்த விரும்புகிறவர் மடையிலிருந்தே தொடங்க வேண்டும்.

பற்றுச்சீட்டு எழுதியது:

நான் நிர்வாகப் பக்கத்தில் பணியாற்றுகிறேன். இங்கே எழுதப்படுபவற்றில் எனக்கு இரண்டு மறுப்புகள் உள்ளன.

முதலாவது, பேரவையில் வெளியார் பெரும்பான்மையாக இருப்பது ஆசிரியர்களுக்கு எதிரான ஏற்பாடு அல்ல. பல்கலைக்கழகம் நடப்பது மக்களின் வரிப்பணத்தில். கட்டிட ஒப்பந்தங்கள், கொள்வனவுகள், கல்விசார் ஊழியர்களுக்கு எதிரான ஒழுக்காற்று விசாரணைகள் ஆகியவற்றை ஆசிரியர்களே தமக்குள் முடிவுசெய்தால் எப்படி இருக்கும் என்பதை அருகிலிருந்து பார்த்தவன் என்ற வகையில் சொல்கிறேன். அரச நிறுவனங்களின் நிதி நிர்வாகத்தை ஆராயும் பாராளுமன்றத்தின் கோப் குழு பல்கலைக்கழகங்களை அழைத்து விசாரிக்கும்போது வெளிவரும் விடயங்கள் எல்லாம் வெளி உறுப்பினர்களால் ஏற்பட்டவை அல்ல.

இரண்டாவது, தற்காலிக நியமன நீடிப்புத் தாமதங்களுக்கு, நியமனக் கடிதங்களைத் தயாரிக்கும் தாபனக் கிளையையே எல்லோரும் குற்றம் சாட்டுகிறார்கள். கோப்பைத் திறந்து பாருங்கள். ஒப்பந்தம் முடியும் திகதி, ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட நாளிலேயே எல்லோருக்கும் தெரியும். ஆனால் துறையிலிருந்து நீடிப்புக் கோரிக்கை வருவது பெரும்பாலும் அந்தத் திகதிக்குப் பிறகு. பீடச் சபை அதை மாதத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறது. ஒரு கூட்டத்தில் தவறினால் அடுத்த மாதம். அதன் பிறகு பேரவை. நாங்கள் கடிதம் தட்டச்சுச் செய்வதற்கு எடுக்கும் நேரம் அந்த இடைவெளியில் மிகச் சிறியது. கடந்துபோன நாளிலிருந்து செல்லுபடியாகும்படி முன்திகதியிட்டு ஒப்புதல் தருமாறு கேட்டால் கணக்காய்வு கேள்வி எழுப்பும், அதற்குப் பதில் எழுதுவதும் நாங்களே.

ஹந்தானை எழுதியது:

பற்றுச்சீட்டு அவர்கள் கூறிய இரண்டாவது விடயத்தை நான் முழுமையாக ஏற்கிறேன்; இந்த இழை தேவைப்பட்டதே அதனால்தான். முதலாவதில் பாதியை ஏற்கிறேன். வெளியார் இருப்பது அவசியம். எந்த வெளியார், எந்த அடிப்படையில் என்பதே கேள்வி. கல்வி, தொழில்வாண்மை, வர்த்தகம், கைத்தொழில், விஞ்ஞானம், நிர்வாகம் ஆகிய துறைகளில் சிறந்த சேவையாற்றியவர்களை நியமிக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. மலையகத்தில் அமைந்த ஒரு பல்கலைக்கழகத்தின் பேரவையில், பெருந்தோட்டச் சமூகத்திலிருந்து வந்த கல்வியாளர் ஒருவரோ தோட்டப் பாடசாலைகளை அறிந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரோ அமர்வதை அந்த வாசகம் தடுக்கவில்லை. அப்படி ஒருவரை நியமிக்குமாறு எந்த ஆசிரியர் சங்கமாவது ஆணைக்குழுவுக்கு எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மகாவலிக்கரை ஐயாவுக்கு: சட்டத் திருத்தம் தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் அதற்குப் பாராளுமன்றம் வேண்டும். ஒப்பந்தக் கோரிக்கை பரீட்சைக்கு முன்னதாகத் துறையிலிருந்து புறப்படுவதற்குப் பாராளுமன்றம் வேண்டியதில்லை.

கொட்டகலை எழுதியது:

நான் சிரேஷ்ட விரிவுரையாளர். இரண்டு பிள்ளைகளின் தாய். நிரந்தர ஆசிரியர்களின் நிலையையும் சேர்த்தே பேச வேண்டும், இல்லாவிட்டால் தற்காலிக ஆசிரியர்கள் எங்களை எதிர்த்தரப்பாக எண்ணக்கூடும்.

பதவியுயர்வுக்கான புள்ளித் திட்டம் எங்கள் நேரத்தை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள். சர்வதேச ஆய்வுச் சுட்டிகளில் இடம்பெறும் ஆங்கில ஆய்விதழில் வெளியாகும் கட்டுரைக்கு உயர்ந்த மதிப்பு. தோட்டப் பாடசாலைகளில் இடைவிலகல் பற்றித் தமிழில், அந்த ஆசிரியர்களே வாசித்துப் பயன்பெறும்படி எழுதினால் அதற்கு மதிப்பு மிகக் குறைவு. மாணவர் ஆலோசகராக இருந்து, வீட்டில் பணமில்லாமல் படிப்பை இடைநிறுத்த நினைக்கும் பிள்ளையோடு பேசி அவரை நிறுத்தி வைப்பது எந்தப் படிவத்திலும் ஒரு வரிக்கு மேல் இடம்பெறாது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மாணவர்களைக் கொண்டு நாட்டுக்கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார் என்பதை இன்றும் பெருமையோடு கூறுகிறோம். இன்றைய படிவத்தில் அந்த உழைப்பை எந்த நிரலில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் வீதிகள் மண்சரிவால் துண்டிக்கப்பட்டன. மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகத் தொலைபேசியில் தேடியவர்களில் பெரும்பாலோர், நான் அறிந்தவரை, தமிழ்மொழிமூலத் தற்காலிக ஆசிரியர்களே. ஏனென்றால் அந்தப் பிள்ளைகளின் தோட்டங்களையும் பிரிவுகளையும் பெயர் சொல்லி அறிந்தவர்கள் அவர்கள்தான். அந்த மாதத்திலேயே ஒப்பந்தம் முடிந்த ஒருவரும் அவர்களில் இருந்தார்.

ஆய்வுகூடம் எழுதியது:

தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரின் பார்வையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 மே மாதம் முதல் ஜூலை வரை கல்விசாரா ஊழியர்கள் மாதாந்த இழப்பீட்டுக் கொடுப்பனவு உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக வேலைநிறுத்தம் செய்தபோது, ஆசிரியர்களில் பலர் எங்களிடம் கேட்டது ஒன்றே: எப்போது கதவு திறக்கும்? எங்கள் கோரிக்கை என்னவென்று கேட்டவர்கள் சிலர். தற்காலிகமாகவும் அமைய அடிப்படையிலும் வேலை செய்பவர்கள் எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள். பீடச் சபையில் மாணவர் பிரதிநிதிகள் இருவர் அமர்கிறார்கள், அது நல்லது. ஆய்வுகூடத்தை நடத்துபவர்களுக்கோ தற்காலிக விரிவுரையாளர்களுக்கோ அங்கே நாற்காலி இல்லை.

ஹட்டன் எழுதியது:

இவ்வளவையும் வாசித்த பிறகு எனக்குத் தோன்றுவது வேறு. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவடைந்ததை 2023 இல் நினைவுகூர்ந்தோம். எங்களுக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை நீண்டகாலமாக இருக்கிறது. நுவரெலியா மாவட்டத்தில் அப்படி ஒன்று அமைந்தால் தமிழ்மொழிமூல ஆசிரியர்கள் துறையில் ஒருவராக, இருவராக நிற்க வேண்டிய நிலையே இராது. உள்ள அமைப்பைத் திருத்துவதில் சக்தியைச் செலவிடுவதைவிட அதற்காகப் போராடுவது மேல் அல்லவா?

நானுஓயா எழுதியது:

தம்பி, அந்தக் கோரிக்கையை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் புதிய பல்கலைக்கழகமும் அதே 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே அமையும். அதே ஆணைக்குழுவே பேரவைக்கு ஆட்களை நியமிக்கும். ஆட்சேர்ப்புக் கட்டுப்பாடு நீங்காவிட்டால் அங்கேயும் முதலில் நிரம்புவது தற்காலிக இடங்களே. அங்கே போகும் நம் பிள்ளைகளுக்கும் என்னைப் போன்ற ஒருத்தியே, சம்பளம் இல்லாத மாதத்தில் விடைத்தாள் திருத்துவாள். கட்டிடம் எழும்போதே விதிமுறைகளும் சரியாக எழ வேண்டும் என்றால், அவற்றை இப்போதே எழுதிப் பழக வேண்டும்.

மகாவலிக்கரை எழுதியது:

நானுஓயா மகள் சொல்வதை ஏற்கிறேன். சட்டம் மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கச் சொல்வது என் நோக்கமல்ல. நான் பீடச் சபையில் இருந்த காலத்திலும் நிகழ்ச்சி நிரல் தடித்த கட்டாக முந்திய நாள் மாலையே வந்து சேரும்; நீடிப்புகள் கடைசிப் பக்கங்களில் ஒரே வரியில் இருக்கும்; பசி நேரத்தில் எல்லோரும் தலையசைத்துவிட்டு எழுந்து போவோம். அந்த ஒரு வரியை முன்பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பிரேரணையை நிரந்தர ஆசிரியர்களே கொண்டுவர வேண்டும். தற்காலிக ஆசிரியர் எவருடைய பெயரும் அதில் வரக்கூடாது.

பற்றுச்சீட்டு எழுதியது:

பிரேரணை எழுதுவதானால் ஒரு நடைமுறைக் குறிப்பு. "விரைவாக" என்ற சொல்லை வைத்தால் கோப்பில் அதற்கு எந்தப் பெறுமதியும் இராது. எத்தனை நாட்களுக்கு முன், யார், யாருக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதுங்கள். முன்திகதியிட்ட ஒப்புதலைக் கேட்காதீர்கள், அது கணக்காய்வில் விழும். ஒப்பந்த முடிவுத் திகதியைப் புள்ளிகள் ஒப்படைக்கும் திகதிக்குப் பின்னால் வைக்கக் கோருங்கள். நியமனக் கடிதத்தில் திகதி குறிப்பது நியமனத்தின்போதே செய்யக்கூடியது. அப்படி வந்தால் தாபனக் கிளையில் எதிர்ப்பு இராது என்று என்னால் கூற முடியும்.

ஹந்தானை எழுதியது:

எல்லோருடைய கருத்துகளையும் சேர்த்து ஒரு வரைவை எழுதியிருக்கிறேன். உங்கள் பீடத்தின் பெயரை இட்டுப் பயன்படுத்தலாம்.

"1. தற்காலிக விரிவுரையாளர் ஒவ்வொருவரின் ஒப்பந்தமும், அவர் கற்பிக்கும் அரையாண்டின் பரீட்சைப் புள்ளிகள் ஒப்படைக்கப்பட வேண்டிய இறுதித் திகதிக்குப் பின்னரே முடிவடையும் வகையில் நியமனத்தின்போதே திகதியிடப்பட வேண்டும். 2. நீடிப்புத் தேவையெனின், ஒப்பந்தம் முடிவதற்கு 90 நாட்களுக்கு முன்னர் துறைத் தலைவர் அதனை எழுத்தில் பீடாதிபதிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாத துறைகளின் பட்டியல் ஒவ்வொரு பீடச் சபைக் கூட்டத்திலும் முன்வைக்கப்பட வேண்டும். 3. ஒப்பந்தம் நடைமுறையில் இல்லாத எவரிடமும் விடைத்தாள்கள் இருக்கக்கூடாது. 4. வினாத்தாளின் தமிழ்ப் பிரதியும் சிங்களப் பிரதியும் ஒரே வேளையில் சரிபார்க்கும் குழுவுக்குச் செல்ல வேண்டும். துறையில் தமிழ் வாசிக்கும் இரண்டாமவர் இல்லாதவிடத்து வேறு துறையிலிருந்தோ வேறு பல்கலைக்கழகத்திலிருந்தோ ஒருவர் நியமிக்கப்பட வேண்டும்."

மூன்றாவது வாசகத்தைத் துறைத் தலைவர்கள் எதிர்ப்பார்கள் என்று எதிர்பார்க்கிறேன். அதை நீக்க நான் உடன்பட மாட்டேன். மற்ற மூன்றையும் செயற்படுத்த வைப்பது அதுவே. ஆய்வுகூடம் அவர்கள் எழுப்பிய பிரதிநிதித்துவம் பற்றிய விடயத்துக்குத் தனிப் பிரேரணை வேண்டும், அதில் வாக்களிக்கும் உரிமை பற்றிய சட்டச் சிக்கல் உண்டு.

கொட்டகலை எழுதியது:

நான்காவது வாசகத்தில் "விடைத்தாள்களின் இரண்டாம் பரீட்சகருக்கும் இது பொருந்தும்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள், மாத்தளை எழுதியது விடுபட்டுவிட்டது. எங்கள் பீடத்தில் நான் முன்மொழிகிறேன். வழிமொழிய ஒரு சிங்கள சக ஆசிரியரிடம் பேசியிருக்கிறேன், அவர் சம்மதித்துவிட்டார். அவருடைய துறையிலும் தற்காலிக ஆசிரியர்கள் இதே இடைவெளியில்தான் திருத்துகிறார்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலுக்கு வெள்ளிக்கிழமைக்குள் உதவிப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். சிங்களப் பிரதியை நான் இன்றிரவு தயார் செய்கிறேன். நானுஓயா, தயவுசெய்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தர முடியுமா?

நானுஓயா எழுதியது:

அனுப்புங்கள் மிஸ். காலையில் தருகிறேன்.